வடிந்த வெள்ளமா, அடைத்த வழியா?

கெடா மாநிலத்தில் சிடாம் என்னும் பெயர் தாங்கிய முக்கிம்கள் இரண்டு உள்ளன. சிடாம் கானான் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிடாம் கிரி கோல மூடா மாவட்டத்தைச் சேர்ந்தது. மலாய் மொழியில் கானான் என்பது வலம். கிரி என்பது இடம். தமிழ்ச் செவிக்குக் கிரி என்றதும் மலையே நினைவுக்கு வரும். ஆயின் இப்பெயரில் மலை இல்லை. இரப்பரும் செம்பனையும் நின்ற மேட்டு நிலங்களும், அவற்றிற்கு இடையே பள்ளங்களும், அப்பள்ளங்களில் ஊறி ஓடும் சிற்றாறுகளும், அச்சிற்றாறுகளை ஏற்றுக்கொள்ளும் மூடா ஆறுமே அவ்வட்டாரத்தின் உருவம். செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடிய மழை வலுக்கும் காலத்தில் அப்பள்ளங்கள் நிறைந்துவிடும். பிறகு மழை ஓயும், நீர் வடியும், வடிந்த இடங்களில் மீன்கள் செத்துக் கிடக்கும்.

செத்த மீனைக் கண்டவர் அனைவரும் சொல்லும் விளக்கம் ஒன்றே. "வெள்ளம் வடிந்தது, மீன் செத்தது, இயற்கைதானே" என்பர். தோட்டத்து முதியவரும் இதையே சொல்கின்றார். பட்டணத்துப் படித்தவரும் இதையே சொல்கின்றார். வெள்ளத்தைப் பற்றிப் பள்ளி மாணவன் எழுதும் கட்டுரையிலும் கடைசிப் பத்திக்கு முன்பாக இதே வாக்கியம் இடம்பெறுகின்றது. ஆசிரியரும் சிவப்பு மையால் சரி என்று குறியிட்டு விடுகின்றார். இவ்வளவு எளிதாகக் கூறப்படும் இவ்விளக்கம் பாதி உண்மையாகும். மறைந்து நிற்கும் மறு பாதியோ யாருக்குப் பொறுப்பு என்பதைப் பற்றியது. ஆகவேதான் அது மறைந்தே நிற்கின்றது.

மூடா ஆறு சயாம் எல்லையை ஒட்டிய மலைகளில் தோன்றுவது. பாலிங் பக்கத்திலிருந்து வரும் கெட்டில் ஆற்றையும், கூலிம் மலைச்சாரலிலிருந்து வரும் செடிம் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாகி, கோத்தா கோல மூடாவில் மலாக்கா நீரிணையை அடைகின்றது. பினாங்கு மக்கள் பருகும் நீரில் பெரும்பங்கு இவ்வாற்று நீரே. கடாரம் கொண்ட சோழனைப் பற்றி மேடைகளில் முழங்கும் தமிழர், அக்கடாரத்து ஆறு எங்குப் பிறந்து எங்கு முடிகின்றது என்று கேட்டால் தடுமாறுவர். அது கிடக்கட்டும்.

ஆறு கரை புரண்டால் மீன் அடித்துச் செல்லப்படுகின்றது என்று எண்ணுவது முதல் தவறு. வெள்ளத்தில் மீன் அகப்பட்டுக் கொள்வதில்லை. வெள்ளத்தை எதிர்நோக்கியே அது வாழ்கின்றது. ஆற்று நீர் தாழ்நிலங்களில் பரவும்போது, புல்லும் சருகும் நனைந்து ஊறுகின்றன. வெயில்பட்ட ஆழமற்ற நீரில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. புழுக்களும் பூச்சிகளும் வெளிப்படுகின்றன. ஆற்றின் நடுவோட்டத்தில் ஒரு மாதம் தேடினாலும் கிடைக்காத இரை அங்கே சில நாளில் கிடைக்கின்றது. நீர்மட்டம் உயரும் குறிப்பையும், கலங்கல் நீரின் மணத்தையும் அறிந்த மீன்கள் கரையைக் கடந்து வயலுக்குள்ளும் சதுப்புக்குள்ளும் புகுந்து முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சுகள் பெருமீன்களின் வாய்க்குத் தப்பிப் புல்லடியில் வளர்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தையே ஆற்றின் நாடித்துடிப்பு எனக் கொண்டு, யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்னும் மூன்று அறிஞர்கள் 1989ஆம் ஆண்டில் ஒரு கோட்பாடாகவே வகுத்தனர். வெப்பமண்டல ஆறுகளில் மீன்வளம் ஆற்றுக்குள் விளைவதில்லை, ஆறு பரவும் நிலத்தில் விளைகின்றது என்பது அதன் சாரம்.

இனி, நீர் வடியும் வேளையில் நடப்பது யாது? நீர் ஒரே நாளில் மறைவதில்லை. மேட்டுப்பகுதி முதலில் காய்கின்றது, பள்ளங்கள் குட்டைகளாகின்றன, குட்டைகளை ஆற்றோடு இணைக்கும் ஓடைகள் மெலிந்து மெலிந்து இறுதியில் அறுகின்றன. இவ்விடைக்காலம் சில நாள்களாகவும் இருக்கலாம். சில வாரங்களாகவும் இருக்கலாம். இக்கால அளவுதான் மீனின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கின்றது.

லம்பாம், செபாராவ் போன்ற ஆற்று மீன்கள் செவுள் ஒன்றினாலேயே மூச்சுவிடுபவை. நீர் குறையும் குறிப்பை உணர்ந்ததும் அவை ஓடை வழியே ஆற்றுக்குத் திரும்ப முந்துகின்றன. பிந்தியவை குட்டையில் தங்கிவிடுகின்றன. குட்டையில் சருகு அழுகும். அழுகல் நீரிலுள்ள உயிர்வளியை உண்ணும். வெயில் ஏற ஏற நீர் தாங்கும் உயிர்வளி இன்னும் குறையும். பகலில் பாசியாவது சிறிது உயிர்வளியைத் தருகின்றது. இரவில் அதுவும் மூச்சிழுக்கும் உயிரே. ஆதலின் விடியற்காலைதான் குட்டை மீனுக்குக் கொடிய வேளை. பொழுது புலரும் முன் குட்டைக்கரையில் நின்று பார்த்தவர், மீன்கள் வாயை மேலே நீட்டி நீர்ப்பரப்பை உறிஞ்சுவதைக் கண்டிருப்பர். அவை விளையாடுகின்றன என்று பிள்ளைகள் மகிழ்வதுண்டு. அவை திணறுகின்றன.

மற்றொரு கூட்டம் உண்டு. மலாய்க்காரர் அருவான் என்று சொல்லும் விரால், கேலி என்று சொல்லும் கெளுத்தி வகை, புயூ என்று சொல்லும் பனையேறிக் கெண்டை, செப்பாட் எனப்படும் தட்டை மீன் ஆகியவை செவுளோடு காற்றை நேராக உள்வாங்கும் உறுப்பையும் பெற்றவை. விராலை நீர்ப்பரப்புக்கு வரவிடாமல் நீருக்குள்ளேயே தடுத்து வைத்தால் அது மூழ்கி இறந்துவிடும் என்பது கேட்பவருக்கு வியப்பாக இருக்கும், ஆயினும் உண்மை. நீர் முற்றும் வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து சில காலம் உயிர்தாங்க அதற்கு இயலும். பனையேறிக் கெண்டையோ செவுள்மூடியின் முட்களை ஊன்றி, வாலால் தள்ளி, ஈரத் தரையில் அடுத்த குட்டையை நோக்கி நடந்தே போகின்றது.

இம்மீனின் பெயருக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கின்றது. தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில், அங்குப் பணியாற்றிய டால்டார்ப் என்னும் படை அதிகாரி, 1791ஆம் ஆண்டில் ஒரு குளத்தருகே நின்ற பனையின்மேல் இம்மீன் ஏறக் கண்டதாக எழுதினார். அவர் எழுதியது 1797இல் இலண்டன் லின்னேயஸ் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. மரமேறும் மீன் என்று ஐரோப்பா முழுதும் அது பேசப்பட்டது. பறவைகள் பிடித்து மரத்தில் விட்டுச்சென்ற மீன்களே அவர் கண்டவை என்று பின்வந்தோர் ஐயுற்றனர். பனை ஏறியதோ இல்லையோ, தரையில் நடப்பதில் ஐயமில்லை. தமிழர் தம் மொழியில் அதற்கு இட்ட பெயரோ இன்றும் நிற்கின்றது. எனினும் சுங்கைப் பட்டாணிச் சந்தையில் புயூ என்று கேட்கும் தமிழர் நூறு பேரில், பனையேறிக் கெண்டை என்ற பெயரை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்?

ஆக, இருவகை மீன்களுக்கும் ஒவ்வொரு தப்பும் வழியை இயற்கை வைத்திருக்கின்றது. ஆற்று மீனுக்கு ஓடை. குட்டை மீனுக்குச் சேறும் ஈரத் தரையும். இவ்விரண்டும் இருந்தும் பல மீன்கள் சாகத்தான் செய்கின்றன. அதை மறுப்பதற்கில்லை. அச்சாவு வீணும் அன்று. கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் தம் குஞ்சுகளுக்கு இரை தேடுவது அக்குட்டைகளில்தான். நீர்நாயும் உடும்பும் நீர்ப்பாம்பும் அங்கேதான் கூடுகின்றன. எஞ்சியது மண்ணுக்கு உரமாகின்றது. ஒரு தாய்மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது இவ்விழப்பையெல்லாம் கணக்கில் வைத்துத்தான். இயற்கையின் கணக்கில் பற்று அதிகம். வரவு அதனினும் அதிகம். அந்த வரவை நிறுத்திவிட்டுப் பற்றை மட்டும் எழுதி, இதுவும் இயற்கையே என்று கையொப்பமிடுவதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கின்றது.

கெடாவின் வடசமவெளி இதற்கு முதற்சான்று. அங்கு நெல் ஒருபோகமாக விளைந்த காலத்தில் வயலில் நீர் ஆறு மாதத்திற்குக் குறையாமல் நின்றது. மழையோடு மீன் வயலுக்குள் ஏறியது, பயிரோடு வளர்ந்தது. அறுவடைக்காக நீரை வடித்தபோது, வயலின் தாழ்ந்த மூலையில் வெட்டியிருந்த குழிக்குள் இறங்கியது. அக்குழியை இறைத்து உழவன் மீன் எடுத்தான். நீர் வடிதல் என்பது அங்குச் சாவு அன்று, அறுவடை. செப்பாட்டும் விராலும் கெளுத்தியும் ஏழை உழவனின் குழம்புக்கும் கருவாட்டுக்கும் ஆயின. எஞ்சியது விலைக்கும் போயிற்று. குழியில் சில மீன்களை விட்டுவைத்தால் அவையே அடுத்த மழைக்கு விதை. நெல்லுக்கு விதைநெல் வைப்பது போல மீனுக்கு விதைமீன் வைக்கும் அறிவு அது.

1966ஆம் ஆண்டில் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் நிறைவெய்தியது. மூடா ஆற்றின் தலைப்பில் ஓர் அணையும், பெடுவில் ஓர் அணையும் எழுந்தன. மூடாவின் நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே பெடுவுக்குத் திருப்பப்பட்டது. ஏறத்தாழ 96,000 ஹெக்டர் நிலம் இருபோகம் கண்டது. நாட்டின் சோற்றுப் பானையை நிரப்பிய அத்திட்டத்தை இகழ்பவர் நன்றி மறந்தவர் ஆவர். ஆயினும் வரவைச் சொல்லும்போது செலவையும் சொல்வதே நேர்மை. புதிய நெல்வகைகள் நான்கு மாதத்தில் விளைந்தன. வயலில் நீர் நிற்கும் காலம் குறுகியது. ஆண்டுக்கு இருமுறை வயல் வடிக்கப்பட்டது. குஞ்சு வளர்ந்து பருவம் எய்துமுன் நீர் போயிற்று. தண்டுப் புழுவைக் கொல்லத் தூவிய பி.எச்.சி. குருணை மருந்து குழியிலிருந்த மீனையும் கொன்றது. வயல் மீன் விளைச்சல் வீழ்ந்ததை ஆய்வாளர்கள் எழுதினர். அதற்கு முன்பே உழவரின் குழம்புச் சட்டி அதைச் சொல்லிவிட்டது. வயலில் நீர் முன்னும் வடிந்தது, பின்னும் வடிந்தது. மாறியது வடியும் காலமும் வடியும் நீரில் கலந்திருந்த நஞ்சுமே. மீன் குறைந்ததற்கு வெள்ளத்தின்மேல் பழிபோட அங்கு எவருக்கும் வாய் வரவில்லை. ஏனெனில் அங்கு மதகைத் திறந்தவனும் மூடியவனும் மனிதன் என்பது வெளிப்படை.

தெற்கே மூடா ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வருவோர் அவ்வளவு வெளிப்படையான காட்சியைக் காண்பதில்லை. அங்கே மதகு மறைந்து நிற்கின்றது. 2003ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்வாறு பெருகிப் பல்லாயிரவர் வீடிழந்து நின்றனர். அத்துயரத்திற்குப் பின் ஆற்றை அகலப்படுத்தவும் இருபுறமும் கரை எழுப்பவும் அரசு பெருந்திட்டம் மேற்கொண்டது. 2022ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பாலிங்கின் கூப்பாங் பகுதியில் மலைவெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டி வந்து மூவர் உயிரைக் குடித்தது. இவற்றைக் கண்ணால் கண்ட மக்களிடம் சென்று வெள்ளம் மீனுக்கு நல்லது என்று பாடம் நடத்துவது கல்நெஞ்சர் செயல். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு நீரில் நடந்தவனுக்குக் கரை வேண்டும். அதில் இருவேறு கருத்தில்லை.

வேறுபாடு தொடங்கும் இடம் வேறு. கரையை எங்கே எழுப்புவது? ஊரைச் சுற்றியா, ஆற்றைச் சுற்றியா? ஊரைச் சுற்றி எழுப்பினால் ஊர் காக்கப்படும். ஆறும் தன் பள்ளங்களில் பரவும். ஆற்றின் இருமருங்கும் ஒட்டி எழுப்பினால், ஆள் இல்லாத சதுப்பும் பள்ளமும்கூட ஆற்றினின்று பிரிந்துவிடும். கரைக்குப் பின்னால் மழைநீர் தேங்கும். அதை வெளியேற்ற ஒருவழிக் கதவுகள் வைக்கப்படும். உள்ளிருக்கும் நீர் வெளியே போகலாம்; வெளியிலிருக்கும் நீர் உள்ளே வரலாகாது என்பதே அக்கதவின் இலக்கணம். நீருக்கு வகுத்த அவ்விலக்கணம் மீனுக்கும் பொருந்திவிடுகின்றது. முட்டையிட உள்ளே வரவேண்டிய தாய்மீன் கதவடியில் முட்டிக்கொண்டு நிற்கின்றது. கதவின் முன் வலை விரித்தவன் அதை அள்ளிக்கொள்கின்றான். கரை மீறிய பெருவெள்ளத்தில் உள்ளே போய்விட்ட மீன், நீர் வடியும்போது திரும்பும் ஓடையைத் தேடுகின்றது. ஓடை இருந்த இடத்தில் கரை இருக்கின்றது. பிறகு அது குட்டையில் செத்து மிதக்கும். கண்டவர் "வெள்ளம் வடிந்தது, மீன் செத்தது" என்று தம் பழைய பாட்டைப் பாடுவர்.

இது கெடாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1988ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பிறகு வங்காளதேசத்தில், உலக நாடுகளின் துணையோடு வெள்ளத் தடுப்புச் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. கரை கட்டி ஆறுகளைச் சிறைப்படுத்த முனைந்த அத்திட்டத்திற்கு அந்நாட்டு மக்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. வெள்ளத்தால் மிகவும் அல்லலுறுபவர் அவர்களே அல்லரோ? அவர்கள் ஏன் எதிர்த்தனர்? வெள்ளம் பரவும் நிலத்தில் விளையும் மீனே நிலமற்ற ஏழைக்குக் காசின்றிக் கிடைக்கும் புலால். கரை எழுந்தால் நிலமுடையவனுக்கு நெல் கூடும். நிலமற்றவனுக்கு மீன் போகும். அத்திட்டத்தின் பகுதியாக நடந்த மீன்வள ஆய்வே, கரைகளால் அடைபட்ட பகுதிகளில் மீன் வகைகள் குறைந்ததை எடுத்துக்காட்டியது.

கம்போடியாவோ எதிர்ப்பக்கத்துச் சான்று. மீக்கோங் ஆறு பெருகும்போது தோன்லே சாப் ஆறு திசைமாறிப் பின்னோக்கி ஓடுகின்றது. ஏறத்தாழ 2,500 சதுரக் கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் பேரேரி, வெள்ளத்தில் 15,000 வரை விரிகின்றது. நீர் வடியத் தொடங்கியதும் ஏரியிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் மீன்களைப் பைவலைகளில் பிடித்தே அந்நாட்டார் ஆண்டு முழுவதுக்கும் ஊறல் போட்டு வைக்கின்றனர். அங்கும் வெள்ளம் வடிகின்றது. வடியும் நீருக்கும் மீனுக்கும் வழி இருப்பதால் ஒரு நாடே உண்கின்றது. மேலே எழும் அணைகளால் அந்தத் துடிப்பும் இப்போது தளர்ந்து வருவது தனிக் கதை.

கரையோடு பழி முடிவதில்லை. இரப்பர்ப்பாலை அமிலமிட்டு உறையவைத்தபின் எஞ்சும் கழிவுநீரின் நாற்றத்தைத் தோட்டத்தில் பிறந்தவர் எவரும் மறக்கமாட்டார். அது சிற்றாற்றில்தான் கலந்தது. செம்பனை ஆலையின் கழிவோ அதனினும் கொடிது. சாக்கடை நீரைவிடப் பல மடங்கு உயிர்வளியை உறிஞ்சவல்லது. 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் இரப்பர் ஆலைகளுக்கும் உரிய விதிகளும் வந்தபின்னரே அக்கழிவுகளைக் குளங்களில் நிறுத்தித் தணித்து வெளிவிடும் வழக்கம் பரவியது. அதற்கு முன்பும், விதிகள் உறங்கிய இடங்களில் அதற்குப் பின்பும், நீர் மிகுந்திருந்த நாளில் கரைந்து மறைந்த நஞ்சு, நீர் வடிந்த நாளில் செறிந்து நின்றது. மழைக்காலத்தில் ஒரு வாளி நீரில் ஒரு சொட்டு. வறட்சியில் ஒரு குவளை நீரில் அதே சொட்டு. செத்த மீனைக் கொன்றது வடிதலா, சொட்டா? விடையை மறைக்க வடிதலைப் போல நல்ல திரை வேறில்லை.

களைக்கொல்லியும் இக்கணக்கில் சேரும். தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்கள் முதுகில் சுமந்த தோம்பைக் கழுவியது வடிகாலில்தான். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. கழுவ வேறு நீரும் இடமும் அவர்களுக்குத் தரப்படவில்லை. முதலில் அவர்கள் தோல் எரிந்தது. அடுத்துத்தான் மீன் செத்தது. ஆற்றுமணலை அள்ளி அள்ளி மூடாவின் படுகை ஆழ்ந்துபோனதும் ஒரு கேடு. படுகை ஆழ்ந்தால் ஆற்றின் மட்டம் கீழிறங்கும். சிறுபெருக்கு பக்கத்துப் பள்ளத்தை எட்டாது. எட்டிய பெருக்கும் விரைந்து வடியும்.

மீன்பிடிப்போரும் குற்றமற்றவர் அல்லர். வடிந்த குட்டையில் மீன்பிடிப்பது தொன்றுதொட்ட உரிமை; எவரும் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் மின்கலத்தைத் தோளில் மாட்டி நீரில் மின்சாரம் பாய்ச்சுவதும், துபா வேரை இடித்துக் கரைப்பதும், பூச்சிமருந்தையே ஊற்றுவதும் பிடித்தல் அல்ல, துடைத்தல். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் மின்சாரத்தையும் தடைசெய்துள்ளது. சட்டம் இருப்பதைக் குட்டைக்கரையில் யாரும் படித்துக் காட்டுவதில்லை. சிலர் எண்ணுவது வேறு: "எப்படியும் சாகப்போகும் மீன்தானே, எப்படிப் பிடித்தால் என்ன?" இங்கும் அந்த அரை உண்மையே துணைக்கு வருகின்றது. குட்டையில் உள்ள எல்லா மீனும் சாகப்போவதில்லை. சேற்றில் புதைந்து அடுத்த மழைவரை தாங்கவல்ல விரால்தான் மின்சாரத்தில் முதலில் மல்லாக்கின்றது. பிரசவித்த தாய்க்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் புண் ஆற அருவான் வேண்டும் என்று அங்காடி அங்காடியாய் அலைவோர், அதன் குஞ்சுக்கூட்டத்தையும் காவல் நிற்கும் தாய்விராலையும் சேர்த்தே அழித்தவர் யார் என்று கேட்பதில்லை.

இதற்கு மாறான ஒழுங்கு தமிழருக்குப் புதிதன்று. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா எடுக்கின்றது. அந்நாள் வரை எவரும் நீரில் இறங்குவதில்லை. சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாய் ஆயிரம் பேர் இறங்குகின்றனர். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உண்பது வழக்கம். எப்போது பிடிப்பது, எதனால் பிடிப்பது, யார் பிடிப்பது என்ற மூன்றுக்கும் அங்கு ஊரே விடை வைத்திருந்தது. கடல் கடந்து வந்த தமிழர் மாரியம்மனையும் தீமிதியையும் கொண்டுவந்தனர்; இந்த ஒழுங்கைக் கொண்டுவர அவர்களுக்கு இடமில்லை. கண்மாய் ஊருக்குச் சொந்தம். தோட்டத்துக் குட்டையோ துரைக்குச் சொந்தமாக இருந்தது. சொந்தமில்லாத நீருக்கு எவன் ஒழுங்கு வகுப்பான்?

இங்கே எழுத்தாளரையும் ஆசிரியரையும் விட்டுவிட்டால் கட்டுரை நடுநிலை தவறியதாகும். தமிழ்க் கவிதையில் கயலும் கெண்டையும் நீந்தாத பக்கம் இல்லை. ஆனால் அவை பெண்ணின் முகத்தில்தான் நீந்துகின்றன. சங்கப் புலவர் வாளையையும் விராலையும் ஆரலையும் கெளிற்றையும் அவை வாழ்ந்த நீரோடும் சேற்றோடும் கண்டு பாடினர். பிற்காலத்தார் மீனை விட்டுவிட்டு உவமையை மட்டும் எடுத்துக்கொண்டனர். வெள்ளம் வடிந்து குட்டையில் தவிக்கும் மீனைக் கண்டால், இரப்பர் போய்த் தோட்டம் துண்டாடப்பட்டுக் கைவிடப்பட்ட மக்களுக்கு அதை உருவகமாக்க மலேசியத் தமிழ்க் கவிஞனின் கை துடிக்கும். அவ்வுருவகத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஒருமுறையேனும் மீன் மீனாகவே எழுதப்பட வேண்டும். அதன் துன்பத்திற்குக் காரணமான கதவு எந்த ஓடையில் உள்ளது என்று எழுதப்பட வேண்டும். உருவகத்தைப் படித்து எந்த அதிகாரியும் கதவைத் திறந்ததில்லை.

வகுப்பறையில் செய்யக்கூடியதும் பெரிதன்று. வெள்ளம் வடிந்தபின் பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு பள்ளத்தைத் தேர்ந்து, பத்து நாள் மாணவரைக் கரையில் நிறுத்தி நோக்கச் செய்தல் போதும். நீருக்குள் இறக்குதல் கூடாது. வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், ஆழமும் தெரியாது. குட்டையின் விளிம்பில் ஒரு குச்சி நட்டு நாள்தோறும் நீர்மட்டம் குறிக்கட்டும். எந்த மீன் முதலில் செத்தது, எது பிழைத்தது, எந்தப் பறவை வந்தது, ஓடை எந்த நாளில் அறுந்தது, எதனால் அறுந்தது என்று தமிழில் எழுதட்டும். அப்போது விரால் என்ற சொல் அகராதியிலிருந்து இறங்கி அருவானோடு சேர்ந்து நிற்கும். "இயற்கையின் சீற்றம்" என்று தொடங்கி "இறைவன் காக்க வேண்டும்" என்று முடியும் கட்டுரைகள் குறையும். புள்ளி குறையுமே என்று அஞ்சும் ஆசிரியர்கள் புள்ளியிடும் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

"மீனுக்காகக் கரையை இடிப்பதா?" என்று கேட்போர் உளர். எவரும் அப்படிக் கேட்கவில்லை. வீடில்லாத பள்ளங்களை ஆற்றுக்கு விட்டுவைக்கலாம். ஒருவழிக் கதவுகளில் சிலவற்றை, மட்டம் இறங்கும் வாரங்களில் ஆள்வைத்துத் திறந்துவிடலாம். வயலின் மூலையில் பழைய மீன்குழியை மீண்டும் வெட்ட உழவருக்கு உதவலாம். ஆலைக் கழிவுக் குளங்களை மழைக்கு முன்பு ஒருமுறை, வடியும்போது ஒருமுறை என்று இருமுறை சோதிக்கலாம். இவற்றுள் எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை. பிற நாடுகளில் மீன் போக வரக் கதவையே மாற்றி அமைத்திருக்கின்றனர். வேண்டியது, கதவின் திறவுகோல் யாரிடம் இருக்கின்றது என்று கேட்கும் வழக்கம் ஒன்றே.

சிடாம் கிரிப் பள்ளங்களில் அடுத்த அக்டோபரிலும் நீர் ஏறும். விராலும் லம்பாமும் அதனோடு ஏறும். நவம்பர் கழிந்து வானம் வெளுக்கும்போது நீர் இறங்கும். அப்போது ஓடையின் வாயில் கரையா, கதவா, கழிவா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, செத்த மீனைப் பற்றி யாரும் பேசட்டும்.